பூதத்துக்கு எழுதிய கண்

காரைக்கேணியில் கட்டி முடியாத வீடுகளின் நெற்றியில் தொங்கிய பூதங்கள் அழத் தொடங்கியது ஆனி மாதத்தில், மேல்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பகலில், கொத்தனார்கள் சாப்பிட்டுவிட்டுச் சுவர் நிழலில் தலை சாய்த்திருந்தபோது. முதல் சொட்டு ஒரு சித்தாளின் முழங்கையில் விழுந்தது. மழையோ என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். வானம் வெளிறிக் கிடந்தது, பூதத்தின் கண் நிறைந்திருந்தது. "அண்ணாச்சி, பூதம் அழுவுது" என்றாள். மேஸ்திரி கொம்பையா கண்ணைத் திறக்காமலே, "கலவை மேல விழாமப் பாத்துக்கோ" என்றார்.

அந்தப் பூதங்களை எழுதியவன் இசக்கியப்பன். கடைப் பலகை, லாரி நெற்றி, பள்ளிக்கூடச் சுவர் என்று எதையும் எழுதுகிறவன்தான் என்றாலும், ஊர் மேற்கே புதுப்புதுக் காலனிகளாகப் பெருக ஆரம்பித்ததிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது பூதமுகம். ஒட்டுப்பலகையைச் சுளகு அளவுக்கு வட்டமாக அறுத்து, சிவப்படித்து, கொம்பும் கோரைப்பல்லும் தொங்கும் நாக்கும் எழுதிவிட்டு, கண்ணை மட்டும் வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு மிச்சம் வைப்பான். வீடு முடியும்வரை ஊரார் கண்ணெல்லாம் அந்த முகத்தில் விழுந்து அங்கேயே நின்றுவிட வேண்டும். பால் காய்ச்சுவதற்கு முந்தின சாயங்காலம் அதை இறக்கி, முச்சந்தியில் வைத்து, சூடம் கொளுத்தி எரித்துவிட வேண்டும். வாங்கிய கண்ணையெல்லாம் அது தன்னோடு கொண்டுபோய்விடும். இதுதான் அங்கே வழக்கம்.

ஆனால் இசக்கியப்பனுக்குக் கண் வராது. எப்படி எழுதினாலும் கடைசியில் அது மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்த மளிகைக்காரரின் கண்ணாகிவிடும். "லே இசக்கி, உன் பூதத்தப் பாத்தா, பொறாமப்பட வந்தவன் பாவப்பட்டு டீ வாங்கிக் குடுத்துட்டுல்லா போவான்" என்று கொம்பையா நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அப்படி இருக்கையில்தான் மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கண் இல்லாத முகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபோது, மனைவி தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். அவன் நிமிர்ந்தான். அவளுடைய கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது, கீழேயும் தெரிந்தது. இமைகள் எதையோ கண்டு பின்வாங்கியவைபோல் மேலேறி நின்றன. விழிகள் முகத்தை விட்டு வெளியே வந்து பார்த்தன. இது எப்போது இப்படி ஆயிற்று என்று அவன் கேட்டிருக்கலாம். செம்பிலிருந்த தண்ணீர் அவள் கை நடுக்கத்தில் வளையம் வளையமாக அதிர்ந்துகொண்டிருந்ததையாவது பார்த்திருக்கலாம். "அப்படியே நில்லு புள்ள. அசையாத" என்றான்.

புஷ்பம் நின்றாள். கல்யாணமான புதிதில்கூட அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள், முந்தானையைச் சரிசெய்தாள். "என்ன, இன்னைக்குப் புதுசாப் பாக்கீய" என்றாள். அவன் தூரிகையை வெள்ளையில் தோய்த்தான்.

அவள் முடியை ஒதுக்கிக்கொண்டாளே, அதுதான் பிற்பாடு அவனைத் தின்றது.

அந்தக் கண் எழுதிய பூதத்தைக் கொம்பையா தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே ஆட்கள் வந்துவிட்டார்கள், கொம்பையா வீட்டு வேலையில் தொங்குகிற கண் எங்களுக்கும் வேண்டும் என்று. வெள்ளிக்கிழமை தோறும் உச்சிக்கு அவன் புஷ்பத்தைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினான். மாதத்துக்கு மாதம் அவள் விழி வெளியே வந்தது. மாதத்துக்கு மாதம் பூதங்கள் உக்கிரமாயின. அவள் இரண்டாள் சோறு தின்றும் எலும்பாகிக்கொண்டே வந்தாள். மார்கழிப் பனியிலும் வேர்க்குமே தவிர அவளுக்குக் குளிர்ந்ததில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது, ஆனால் வெகு நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றாள். விளக்கெண்ணெய் வைத்துத் தலை முழுகு, எல்லாம் சூடு என்றான். ஒரு வெள்ளிக்கிழமை அவளை நிறுத்தி எழுதிக்கொண்டிருந்தபோது, இவள் கண் சரியாகிவிட்டால் பிழைப்புக்கு என்ன செய்வது என்று நினைத்தான். ஒரு கணம்தான் நினைத்தான். நினைத்ததை இல்லை என்று ஆக்க முடியவில்லை.

தெருவில் புஷ்பம் முறைக்கிறாள் என்று பேச்சாயிற்று. அவள் வந்தால் கைப்பிள்ளையைத் தோளுக்குப் பின்னால் மறைத்தார்கள். வளைகாப்புக்கு அழைக்கவில்லை. சடங்கு வீட்டில் பந்தியிலிருந்து மெதுவாகத் தள்ளி உட்கார வைத்தார்கள். அவளைக் கண்டு பிள்ளையை மறைத்த அதே வீட்டுக்காரர்கள், மாடி எடுக்கும்போது அவள் கண்ணை வாங்கிக்கொண்டுபோய் வாசலில் மாட்டினார்கள்.

பிறகு ஆனி வந்தது, பூதங்கள் அழுதன.

ஊர் அதை இரண்டொரு நாளில் பழகிக்கொண்டது. அடியில் வாளி வைத்தார்கள். வாளி நிறைந்தது. தண்ணீர் லாரி வராத கோடையாதலால், அந்தத் தண்ணீரை எடுத்துப் புது கான்கிரீட்டுக்கு விட்டார்கள், சுவருக்கு அடித்தார்கள், சித்தாள்கள் கால் கழுவினார்கள். சிலர் குப்பியில் பிடித்துப்போய்ச் சீக்குக் குழந்தையின் நெற்றியில் தடவினார்கள், அது ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் தடவினார்கள். சீட்டாடுகிறவர்கள் பூதத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். மாமியாரோடு சண்டை போட்ட ஒருத்தி தாழ்வாரத்தில் நின்று பூதத்திடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "நீயாவது அழுதியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் சுவர்களில் வெள்ளையாக உப்புப் பூத்தது. கொம்பையா ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கண்ணீர்ல வீடு கட்டக் கூடாதுவே, பூச்சு நிக்காது" என்று வேலையாட்களிடம் சொன்னார். வாளிகள் வாய்க்காலுக்குத் திருப்பப்பட்டன.

பூதங்களின் கண் அவ்வப்போது சிவந்தும் போயிற்று. அதுவும் வேலைக்கு உதவியது. "கடியாரமே வேண்டாம் இசக்கி" என்று கொம்பையா ஒரு நாள் டீக்கடையில் சொன்னார். "காலையில காப்பி நேரத்துக்கு ஒரு தடவ செவக்கு. மத்தியானம் சோறு உண்டு முடிஞ்சதும் ஒரு தடவ. பொழுதடையும்போது ஒரு தடவ. பய்யலுக அதப் பாத்துத்தான் சட்டியக் கீழ வைக்கானுவ."

"நல்லதுதான அண்ணாச்சி" என்று இசக்கியப்பன் சிரித்துக்கொண்டே பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

அவன் வீட்டில் இதெல்லாம் பேசப்படவில்லை. புஷ்பத்தின் கண்ணிலும் எந்நேரமும் தண்ணீர் வழிந்தது. முந்தானை நுனி காய்ந்த நேரமில்லை. தூங்கும்போது இமை பாதிதான் மூடியது. பெட்டிக்கடைக்காரர் வீட்டுப் பூதத்தின் இடது கண்ணில் சாந்து தெறித்துக் காய்ந்துபோன அன்று, அவள் இடது கண்ணில் மண் விழுந்துவிட்டதென்று பொழுதெல்லாம் கசக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஊதிப் பார்த்தான். மண் எதுவும் இல்லை. மறுநாள் ஏணி போட்டு அந்தப் பலகையைத் துடைத்துவிட்டு வந்தான். அவளுக்கு உறுத்தல் நின்றது. அவன் அவளிடம் சொல்லவில்லை.

ஆடிப் பிறப்பன்று கொதிக்கிற ரசத்தை அவள் தட்டுக்கு வெளியே, தன் பாதத்தின் மேல் ஊற்றிக்கொண்டாள்.

"தட்டு இங்கல்லா இருக்கு?" என்று அவன் பதறி எழுந்தான்.

"ரெண்டு இருந்துச்சு. எதுல ஊத்தன்னு தெரியல." வலியைக் காட்டாமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் ரெண்டு பேராத்தான் இருக்கீய, கொஞ்ச நாளா. ரெண்டுல ஒண்ணாவது நல்லதா இருக்கும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

ஜில்லா ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா புஷ்பத்தின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கையை நீட்டச் சொல்லி விரல் நுனிகள் துடிப்பதைப் பார்த்தாள். கண்ணை மூடச் சொன்னாள். மூடாத இடுக்கில் வெள்ளை தெரிந்ததை இசக்கியப்பனுக்கும் காட்டினாள். கழுத்திலிருக்கிற தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்கிறது, உடம்பு தன்னையே அந்நியன் என்று நினைத்துச் சண்டை போடுகிறது, அந்தச் சண்டையில் கண்ணுக்குப் பின்னாலிருக்கிற சதை வீங்கிக் கண்ணை முன்னால் தள்ளுகிறது என்றாள்.

"கண்ணு வறண்டு போச்சு" என்றும் சொன்னாள்.

"வறண்டிருக்கா? வாளி வாளியா…" என்று ஆரம்பித்த இசக்கியப்பன் நிறுத்திக்கொண்டான். "நிறையத் தண்ணி வடியுதேம்மா."

"வறண்டதாலதான் வடியுது. இமை மூடலைன்னா காத்துல காயும், காஞ்சா எரியும், எரிஞ்சா வடியும். இப்படியே விட்டா கருவிழி புண்ணாயிடும். பின்னாடி நரம்பு நசுங்கினா பார்வையே போயிடும். வீட்டுல யாராவது சிகரெட், பீடி?"

அவன் சட்டைப்பையில் கட்டு புடைத்துக்கொண்டிருந்தது.

"காலையில காப்பிக்கு ஒண்ணு" என்றாள் புஷ்பம். "மத்தியானம் சோறு உண்டுட்டு ஒண்ணு. பொழுதடைய ஒண்ணு. அடுப்படி நிலையில உக்காந்துதான்."

"இந்தக் கண்ணுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது. இன்னையோட சரி" என்றாள் டாக்டரம்மா. எழுதிக்கொண்டே கேட்டாள்: "மாசக்கணக்கா இப்படி இருந்திருக்கு. வீட்டுல யாருமா பாக்கல?"

புஷ்பம் இசக்கியப்பன் பக்கம் திரும்பவில்லை. "பாத்தாரு டாக்டரம்மா" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நல்லாப் பாத்தாரு."

மதுரைக்குப் போய்ப் படுக்கையில் சேர வேண்டும் என்று சீட்டு கொடுத்தார்கள். இரவில் இமையை மூடி ஒட்டக் காகிதப் பிளாஸ்திரியும், கண்ணில் விட ஒரு சின்னக் குப்பி மருந்தும் கொடுத்தார்கள். கண்ணீர் போலவே செய்த மருந்து அது, கண்ணீர் அல்ல. பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மேற்குக் காலனி தொடங்கியதும் வீட்டுக்கு வீடு அவள் கண் வழிந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கும் என்று அவன் நினைத்தான்.

மதுரைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் ஜெயக்கொடி டீச்சர் வீட்டில் பூதத்தை இறக்கினார்கள். விடிந்தால் பால் காய்ச்சு. அந்தக் கண் எழுதிய முகங்களில் முச்சந்திக்குப் போகும் முதல் முகம் அது. புஷ்பத்தின் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்த இசக்கியப்பனுக்கு மேளச் சத்தம் கேட்டது. சாந்து தெறித்ததற்கே நாளெல்லாம் கசக்கினாளே என்பது ஞாபகம் வந்தது. செருப்பில்லாமல் ஓடினான்.

முச்சந்தியில் பலகையைச் செங்கல் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். கன்னம் ஈரமாக இருந்தது. கொம்பையா தட்டில் சூடத்தைக் குவித்துக்கொண்டிருந்தார். இசக்கியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"இசக்கி, என்ன செய்றீங்க?" என்றார் டீச்சர். "பூதத்தை எரிக்காம எப்படிப் பால் காய்ச்சுறது? உள்ள வாங்கின கண்ணெல்லாம் வீட்டுக்குல்ல திரும்பும்?"

"வேற எழுதித் தாரேன் டீச்சர். இத எரிக்கக் கூடாது."

"ஏன்?"

மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். அவன் பலகையை இன்னும் இறுக்கிக்கொண்டான். "இது என் வீட்டுக்காரி கண்ணு" என்றான்.

யாரும் திடுக்கிடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை, தரையைப் பார்த்தார்கள். கொம்பையா தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு, "தெரியாமயால மாட்டினோம்?" என்றார், தணிந்த குரலில்.

அவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அத்தனை பேர் பங்கு போட்டுக்கொண்ட பிறகும் அவன் பங்கு குறையாமல் அப்படியே இருந்தது.

கட்டிமுடித்த வீட்டுக் கொல்லையில் மிஞ்சிக் கிடந்த பலகைத் துண்டு ஒன்றையும் பெயிண்டையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டான். டீச்சரின் புதுக் குளியலறையில் மாட்ட வைத்திருந்த கண்ணாடியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தான். வெள்ளிக்கிழமையும் இல்லை, உச்சியும் இல்லை. கொம்பு எழுதவில்லை, கோரைப்பல் எழுதவில்லை. கண்ணாடியில் தெரிந்ததை எழுதினான். ஈரம் காயும் முன்னே கொம்பையா அதை எடுத்துப்போய்ச் செங்கல்மேல் வைத்துச் சூடம் கொளுத்தினார். அது நன்றாக எரிந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அவன் மீசையின் ஒரு பக்கம் கருகி இருந்தது. புஷ்பம் அதைப் பார்த்தாள்.

மதுரையிலிருந்து அவன் நடுநடுவே ஊருக்கு வந்து போனான். வரும்போதெல்லாம் ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழைய முகத்தை இறக்கிவிட்டுத் தன் முகத்தை மாட்டினான். சிலர் முனகினார்கள், உன் மூஞ்சியில் யார் கண் வந்து நிற்கும் என்றார்கள். ஆனால் நின்றது. அவன் டீக்கடைக்குப் போனால், பஸ்ஸுக்கு நின்றால், வாய் கொப்பளித்தால், ஊரின் கண் மொத்தமும் தோலின் மேல் கம்பளிப்பூச்சிபோல் ஊர்ந்தது. பீடியை விட்டுவிட்டான், கட்டிட வேலைக்காரர்கள் டீ குடிக்கக் கடியாரம் வாங்கினார்கள். மேல்காற்றுப் போய் வாடை வந்தது. அவன் கண் எரிந்தது. இமைக்க மறந்துபோய் விட்டதுபோல் எரிந்தது. ஆனால் ஒரு சொட்டு வடியவில்லை. பலகைகளின் அடியில் தரை காய்ந்தே கிடந்தது. அழுதால் தேவலை என்று அவன் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

புஷ்பத்தை மாத்திரையும் ஊசியுமாக மாதக்கணக்கில் வைத்திருந்து, கண்ணுக்குப் பின்னால் எலும்பில் கொஞ்சம் இடம் பண்ணிக்கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு தட்டு ஒரு தட்டாயிற்று. இமை மூடியது, பெரும்பாலும். பழையபடி முழுசாக ஆகாது என்று அங்கே முதலிலேயே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று, சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்த பலகைகளில் ஒன்றை அவள் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணு என்னுது" என்றாள். "பல்லு யாருது?"

"அது முன்னாடியே எழுதுறதுதான்."

"உங்க அக்கா பல்லு மாரி இருக்கு."

அவன் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றான். அவள் பலகையை மறுபடி சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும் பேசினாள். எண்ணெய் தீர்ந்துவிட்டது, ரேஷன் போட்டிருக்கிறது, அந்த மட்டில். வெள்ளிக்கிழமை உச்சியில் அவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கமாயிற்று.

தை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு பகல், இசக்கியப்பன் உரக்கடைக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தான். எதிரே கொம்பையா எடுக்கும் வீடு. நிலைக்கு மேலே தொங்கியது அவன் முகம். கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ரேஷன் பையோடு வந்த புஷ்பம் அந்த வீட்டு முன்னால் நின்றாள். அண்ணாந்து, வெகுநேரம், அவன் எழுதும்போது அவளைப் பார்த்தானே அப்படிப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, சாரத்துப் பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். இடுப்பில் செருகியிருந்த கண் மருந்துக் குப்பியை எடுத்தாள். பலகை முகத்தின் வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டாள். இடது கண்ணில் ஒன்று. வழிந்ததை முந்தானை நுனியால், தனக்குத் துடைத்துக்கொள்வதுபோலவே, ஓரத்திலிருந்து ஒற்றி எடுத்தாள்.

"இமைக்காம எம்புட்டு நேரந்தான் பாப்பீய" என்றாள், பலகையிடம்.

தெருவுக்கு இந்தப் பக்கம், தூரிகை கையில் அந்தரத்தில் நிற்க, இசக்கியப்பனின் கண் குளிர்ந்தது. மாதக்கணக்கில் இறங்காத இமை தானாக இறங்கியது. அவன் அதைத் தடுக்கப் பார்த்தான். அது தனக்குச் சேர வேண்டியதல்ல என்று அவனுக்குத் தெரியும். அவன் கண் திறந்தபோது அவள் பையை எடுத்துக்கொண்டு, நெற்றியில் விழுந்த முடியைக் காதோரம் ஒதுக்கியபடி, அவனைப் பார்க்காமல் நடந்து போய்க்கொண்டிருந்தாள்.